“அந்த நேரம்” என்று எழுதி மூடினார்கள், எனக்கு எச்பி 6.4

மல்லாவிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக் கிளையில் கணக்கெழுதுகிறேன். வயது 50. கணவர் கட்டாரில் சாரதி, மகள் யாழ்ப்பாணத்தில் கம்பஸ், மகன் என்னோடு. 47 வயதில் தொடங்கி ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட என் உடம்பிலிருந்து போன இரத்தத்தை எல்லாரும் “அந்த நேரம்”, அதாவது மாதவிடாய் நிற்கிற பருவம், என்ற ஒரே பேரேட்டில் பதிந்து பக்கத்தை மூடிவிட்டார்கள். டொக்டர்மாரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. பத்திரிகையின் பெண்கள் பக்கத்திலும், வானொலி மருத்துவ நிகழ்ச்சியிலும், யூடியூப்பிலும் எங்களைப் பற்றிப் பேசுகிற விதம் இருக்கிறதே, அது ஊர்ச் சனத்தின் வாய்க்கும் கிளினிக் மேசைக்கும் எப்படி வந்து சேர்கிறது, அதற்கு ஒருத்தி என்ன விலை கொடுக்கிறாள் என்பதைத்தான் எழுதப் போகிறேன். இதை எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ காசும் உயிரும் மிஞ்சியிருக்கும்.

முதலில் வந்தது வேர்வை. ஆவணி மாதம், கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கிற நாட்கள். வன்னியில் வேர்க்கிறது என்றால் யார் காரணம் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இது வேறு மாதிரி. நடுச்சாமத்தில் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்தால் முகத்துக்கு ஏறும், தலையணை உறை நனையும், பிறகு காத்தாடிக் காற்றிலேயே குளிரெடுக்கும். எழும்பி உடுப்பு மாற்றிக்கொண்டு படுத்தால் நித்திரை வராது. அதற்குப் பிறகு மாதக் கணக்கு குழம்பியது. மூன்று கிழமையில் வரும், அடுத்தது இரண்டு மாதம் கழித்து வரும். அப்படிப் பிந்தி வருகிற போதுதான் அணை உடைத்த மாதிரி வரும். அலுவலகக் கதிரையில் பழைய சாரமொன்றை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் இருப்பேன். கறுப்பு, கடும் நீலம் தவிர வேறு நிறப் பாவாடை உடுத்துவதை விட்டேன். பஸ்சில் சீற் இருந்தாலும் நின்றுகொண்டே போவேன், யாராவது “இருங்கோ ரீச்சர்” என்று இடம் தந்தால் (கணக்கெழுதுகிறவளும் இங்கே ரீச்சர்தான்) அழுகை வரும்.

யாரிடம் கேட்பது? அம்மா இல்லை. மகளுக்குச் சொல்லிப் படிப்பைக் குழப்ப மனமில்லை. அதனால் வாசித்தேன். ஞாயிறு பத்திரிகை, முகநூல், யூடியூப் என்று கையில் கிடைத்ததெல்லாம். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. பெண்மை விடைபெறும் பருவமாம், வாடத் தொடங்கும் காலமாம். படத்தில் நரைத்த வெள்ளைக்காரி ஒருத்தி நெற்றியில் கைவைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். அதைவிட என்னை உறுத்தியது, அந்தக் கட்டுரைகள் என்னோடு பேசவே இல்லை. பேசியதெல்லாம் என் புருசனோடு. மனைவி காரணமில்லாமல் எரிந்து விழுவாள், பொறுத்துப் போங்கள், எதிர்த்துப் பேசாதீர்கள், அன்பாகத் தட்டிக் கொடுங்கள் என்று. வீட்டில் கடிக்கிற நாய் வளர்க்கிறவருக்குச் சொல்கிற புத்திமதி போல. அப்படியொன்றை இவர் கட்டாரிலிருந்து எனக்கே வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார், அடியில் ஒரு பூப்படத்தோடு. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் “சரியப்பா, சரியப்பா” தான். பின்வேலி விழுந்து மாடு வருகுது, காசு அனுப்புங்கோ என்றாலும் “உனக்கு அந்த நேரம், ரென்சன் ஆகாத”. வேலி விழுந்தது எனக்கு அந்த நேரம் என்பதாலா?

சிரிப்பாக எழுதுகிறேன், ஆனால் கெட்ட விசயம் வேறிடத்தில் இருந்தது. எல்லாக் கட்டுரையிலும் அறிகுறி வரிசை ஒன்று வரும்: மறதி, எரிச்சல், தூக்கமின்மை, அதிக உதிரப்போக்கு, முடி உதிர்தல், மூட்டு நோவு. பாருங்கள், அதிக உதிரப்போக்கு எங்கே இருக்கிறது என்று. தூக்கமின்மைக்கும் முடி உதிர்தலுக்கும் நடுவில், ஏதோ அவற்றின் கூடப்பிறந்தது போல. எவ்வளவு போனால் அதிகம், எத்தனை நாள் போனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி இல்லை. கடைசியில் யோகா செய்யுங்கள், மனதை மகிழ்ச்சியாக வைத்திருங்கள் என்று முடித்துவிடுவார்கள்.

அந்த ஒரு வரியை நான் இப்போது எழுதிவிடுகிறேன். மாதவிடாய்க்கு வைக்கிற பாட் ஒன்று ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலத்துக்குள் நனைந்து போனால், பத்து ரூபாய்க் குற்றியைவிடப் பெரிய கட்டிகள் விழுந்தால், ஏழு நாளைத் தாண்டியும் நிற்காவிட்டால், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் போனால், அது வயதுக்கு வாற சாதாரண மாற்றமில்லை, பார்க்க வேண்டிய வருத்தம். மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு முந்திய வருடங்களில் நாட்கள் முன்பின்னாகும், அது இயற்கை. ஆனால் குடம் குடமாகப் போவதை இயற்கை என்று யாரும் சொல்லக் கேட்டால் நம்பாதீர்கள்.

முதலில் போனது வவுனியாவில் ஒரு தனியார் கிளினிக்குக்கு. மாங்குளத்துக்குப் போய் ஏ9இல் பஸ் மாறிப் போவது, அந்த உடம்போடு ஒரு தவம். முன்மேசைப் பிள்ளை வயதைக் கேட்டது, “என்னத்துக்கு வந்தனீங்கள் அம்மா” என்றது, பாதி சொல்லும்போதே துண்டில் மெனோபாஸ் என்று எழுதிவிட்டது. டொக்டர் அந்தத் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்ததைவிட அதிக நேரம். “பயப்பிடாதேங்கோ, இந்த வயசில எல்லாருக்கும் வாறதுதான்” என்று விற்றமின் குளிசையும் நித்திரைக் குளிசையும் எழுதினார். இரத்தம் சோதிக்கவில்லை. நல்ல மனுசன், குரலில் கனிவு இருந்தது. கனிவோடு சொல்லப்பட்டதால்தான் நானும் சமாதானமாகி வீட்டுக்கு வந்தேன். கட்டணம், மருந்து, போக்குவரத்து எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குக் கிட்ட.

அடுத்த இடத்தில் இன்னொரு முத்திரை காத்திருந்தது. வன்னிப் பெண்ணுக்கு மட்டும் குத்துகிற முத்திரை அது. எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னேன். 2009இல் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு என் கருப்பையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண், மன அழுத்தம், அதோடு மாதவிடாய் நிற்கிற காலம் என்று உளவள ஆலோசனைக்கு அனுப்பினார்கள். எங்களைப் பற்றி எழுதப்படுகிற எதிலும் “பாதிக்கப்பட்ட” என்ற சொல்லில்லாமல் ஒரு பத்தி நகராது. நாங்கள் பட்டது பொய்யில்லை, இரவில் இன்றைக்கும் சில சத்தங்களுக்கு எழும்பி இருக்கிறவள்தான் நான். ஆனால் வன்னியில் ஒருத்திக்குத் தலையிடித்தால், மூட்டு நொந்தால், மூச்சு வாங்கினால், எல்லாம் முள்ளிவாய்க்காலில் போய் முடிய வேண்டுமா? எனக்கு மூச்சு வாங்கியது இரத்தம் இல்லாததால்.

இந்த இடைவெளியில் ஒரு பவுடரும் வந்து சேர்ந்தது. முகநூலில் ஒரு பெண் பேசுவாள், முப்பது வயதுக்காரிதான் இருக்கும், “உங்கள் ஹோர்மோனைச் சமப்படுத்தி இளமையைத் திருப்பித் தரும்” என்று. மூன்று மாதக் கோர்ஸ் 18,500 ரூபாய், கூரியரில் வந்தது. டப்பாவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியே இல்லை. குடித்தேன், ஒரு மாற்றமுமில்லை, வயிற்றுப்போக்குத்தான். இளமை போய்விட்டது என்று முதலில் அழவைத்து, பிறகு அதே இளமையை டப்பாவில் அடைத்து விற்கிற வியாபாரம் இது. உள்ளடக்கம் அச்சிடாத எதையும் வாங்காதீர்கள், இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது காரணம் தெரியாமல் ஹோர்மோன் என்ற பேரில் எதையும் குடிக்கவே குடிக்காதீர்கள்.

என்னைக் காப்பாற்றியது அந்த உளவள ஆலோசனைப் பிள்ளைதான். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். நான் கதைத்துக்கொண்டே ஹாண்ட்பாக்கிலிருந்து பச்சரிசியை எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு ஒரு பழக்கமாகவே போயிருந்தது, சங்கத்தில் சாக்கைப் பிரித்தாலும் ஒரு கைப்பிடி எடுத்துக் கடிப்பேன், அந்த நறுக்நறுக்கென்ற சத்தம் இல்லாமல் இருக்க ஏலாது. பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது, “அக்கா, எவ்வளவு நாளா அரிசி சாப்பிடுறியள்? நீங்கள் கவலையில இருக்கிற ஆள் மாதிரித் தெரியேல்ல, களைச்சுப்போன ஆள் மாதிரித்தான் இருக்கிறியள்.” கையோடு கூட்டிக்கொண்டு போய் எங்கள் குடும்பநல மாதுவிடம் விட்டது. அவா கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்த்தா, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தா, “கடதாசி மாதிரி இருக்கு” என்றா. பிறகு கேட்ட கேள்விகள் எல்லாம் எண்ணிக்கை. ஒரு நாளைக்கு எத்தனை பாட், இரவில் எழும்பி மாற்றுவதுண்டா, கட்டி எவ்வளவு பெரிசு, எத்தனை நாள், கடைசியாக எப்போது. ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் கணக்குக் கேட்டார். கணக்குச் சொல்ல எனக்குத் தெரியும்தானே.

அரிசி, களிமண், ஐஸ் என்று சாப்பாடல்லாததைக் கடிக்கத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று அன்றுதான் அறிந்தேன். அடுத்த நாள் இரத்தம் சோதித்தார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின், எச்பி என்று சொல்வது, 12க்குக் குறைந்தாலே இரத்தசோகை. எனக்கு 6.4. அரசாங்க ஆஸ்பத்திரியில் அன்றே மறித்து இரத்தம் ஏற்றினார்கள், தைரோயிட் பார்த்தார்கள், ஸ்கான் செய்தார்கள், கருப்பையின் உள்படலத்திலிருந்து ஒரு துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வருமட்டும் இருந்த நாட்களைப் பற்றி எழுத விரும்பவில்லை. புற்றுநோய் இல்லை என்று வந்தது.

பெண் நோய் டொக்டர் ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினா. இந்த வயதில் சில மாதங்களில் முட்டை வெளிவருவதில்லை. முட்டை வராவிட்டால் புரோஜெஸ்ரரோன் சுரக்காது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியே நின்று உள்படலத்தைத் தடிப்பாக்கிக்கொண்டே போகும், பிறகு அது ஒரேயடியாக உதிரும். அதனால்தான் பிந்தி வருகிற மாதமெல்லாம் பெருக்கெடுத்தது. காரணம் தெரிந்ததும் என் பயத்தில் பாதி போய்விட்டது. வாடுகிறேன் ஓய்கிறேன் என்று எழுதினவர்களில் ஒருவராவது இந்த நாலு வரியை எழுதியிருக்கக் கூடாதா?

கருப்பைக்குள் ஹோர்மோன் லூப் என்ற சின்னக் கருவியொன்றை வைக்கலாம், அது உள்படலத்தை மெல்லிசாக வைத்திருக்கும் என்றா. நான் மறுத்தேன். பக்கத்து வீட்டு மச்சாள், ஹோர்மோன் எடுத்தால் மார்பில் புற்றுநோய் என்று பேப்பரில் வாசித்ததாகச் சொல்லியிருந்தா. டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினா. அந்தப் பயத்தின் வேர் 2002இல் அமெரிக்காவில் இடைநிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு. மாதவிடாய் நின்ற 16,000க்கு மேற்பட்ட பெண்களுக்கு இரண்டு ஹோர்மோன் சேர்ந்த குளிசையோ வெற்றுக் குளிசையோ கொடுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோய் 26 வீதம் கூடியதென்று உலகம் முழுக்கத் தலைப்புப் போட்டார்கள். அதையே இப்படியும் சொல்லலாம்: வருடத்துக்கு 10,000 பேரில் 30 பேருக்கு வருகிற இடத்தில் 38 பேருக்கு வந்தது. இரண்டும் ஒரே கணக்கு, ஆனால் ஒன்றைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும், மற்றதைக் கேட்டால் யோசிக்க முடியும். அந்தப் பெண்களின் சராசரி வயதும் 63. வியர்வை, சூடு தாங்க முடியாத பெண்களுக்கு, ஹோர்மோன் சிகிச்சையை 60 வயதுக்கு முன்னரோ மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள்ளோ தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு நன்மைதான் கூட என்பது இப்போதைய மருத்துவ நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக்கட்டி, பக்கவாதம், ஈரல் வருத்தம் உள்ளவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. கருப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியே கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்ரரோனும் சேர வேண்டும். கடைசியில் சம்மதித்தேன். எனக்கு வைத்த லூப்பில் உள்ளது புரோஜெஸ்ரரோன் வகை ஹோர்மோன் மட்டும், அதுவும் பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே வேலை செய்கிறது. முதல் சில மாதம் பொட்டுப் பொட்டாக இரத்தம் பட்டுக்கொண்டிருந்தது, அதை முதலே சொல்லியிருந்ததால் பதறவில்லை. பிறகு நின்றது.

இரும்புக் குளிசை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லாரும் அதைத் தேத்தண்ணியோடுதான் விழுங்குகிறார்கள். தேயிலை இரும்பை உடம்பு சரியாக உறிஞ்ச விடாது. தேசிக்காய்த் தண்ணியோடோ தோடம்பழத்தோடோ குடியுங்கள், தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். எச்பி சரிவந்த உடனே நிறுத்தவும் கூடாது, இன்னும் மூன்று மாதம் எடுத்தால்தான் உடம்பின் இருப்பு நிரம்பும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை.

காசுக் கணக்கு: தனியார் கிளினிக்குகள், பவுடர், வான் வாடகை, பாட், சம்பளமில்லா லீவு எல்லாம் கூட்டினால் 70,000 ரூபாயைத் தாண்டும். என்னைச் சுகப்படுத்திய இடத்தில் இரத்தத்துக்கும் ஸ்கானுக்கும் ஒரு சதமும் கேட்கவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் வெல் வுமன் கிளினிக் 1996 முதல் நடக்கிறது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, முக்கியமாக 35, 45 வயதுகளில் வரச்சொல்வார்கள், அதுவும் இலவசம். பிரசர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள், பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்தைத்தான் பார்க்கும், உள்படலத்தைப் பார்க்காது. “பாப் செய்து நல்லம் எண்டு சொன்னவை” என்று இரத்தப்போக்கை விட்டுவிடாதீர்கள்.

போகும்போது எழுதிக்கொண்டு போங்கள். கலண்டரில் இரத்தம் பட்ட நாளுக்கெல்லாம் புள்ளி, பக்கத்தில் பாட் எண்ணிக்கை, கட்டி விழுந்தால் ஒரு பெருக்கல் குறி. மேசையில் “மெனோபாஸோ தெரியேல்ல” என்று தொடங்காமல் “ஒன்பது நாள் போகுது, ஒரு நாளைக்குப் பத்துப் பாட், படியேற மூச்சு வாங்குது” என்று தொடங்குங்கள். துண்டில் அதை எழுதச் சொல்லுங்கள். வயதுதான் காரணம் என்றால், “இரத்தம் சோதிக்காமல் அப்பிடி எடுக்கலாமா டொக்டர்?” என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். என்னைப் போல 45ஐத் தாண்டி இப்படிப் போகிறவர்கள் ஸ்கான் பற்றியும் உள்படலப் பரிசோதனை பற்றியும் கேட்க வேண்டும்.

எங்கள் பெரிய ஆட்கள் இதைப் பற்றிக் கதைப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? என் சின்னம்மா வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருசம் தவறாமல் போகிறவா. “நிண்டதோட விட்டுது சனியன், இப்ப வைகாசிப் பறுவத்துக்கு நாள் எண்ணத் தேவையில்லை, நினைச்ச நேரம் வெளிக்கிடலாம்” என்பா. அவாவின் கதையில் வாடுவதும் இல்லை, விடைபெறுவதும் இல்லை. பெண்கள் பக்கத்துக்கு எழுதுகிறவர்கள் ஒருநாள் சின்னம்மா போல நாலு பேரை இருத்திக் கேட்டுவிட்டு எழுதினால் என்ன?

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் 56 வயது அக்கா ஒருவருக்கு, நின்று நாலு வருடத்துக்குப் பிறகு இரத்தம் பட்டது. “திரும்பக் குமரியாகிறா” என்று பகிடி விட்டார்கள், அவாவும் சிரித்துக்கொண்டு விட்டுவிடப் பார்த்தா. பன்னிரண்டு மாதம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது மாதவிடாய் இல்லை. பெரும்பாலும் சின்னக் காரணம்தான், ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது கருப்பைப் புற்றுநோயாக இருக்கும், நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் சுகப்படுத்தலாம். லீவு போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கானில் படலம் மெல்லிசு, பெண்ணுறுப்புத் தோல் வறண்டு வெடித்ததால் பட்ட இரத்தம், பூசுவதற்கு ஒரு கிறீம் கொடுத்து அனுப்பினார்கள். “இதுக்குத்தானா இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தனீ, பஸ் காசும் போச்சு” என்று மாங்குளம் வரும்வரை அக்கா புறுபுறுத்துக்கொண்டே வந்தா. இன்னொரு தரம் பட்டாலும் இழுத்துக்கொண்டு போவேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.